பாரபட்சம் பார்க்காத வேங்கடேசன்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலைப் பாசஞ்சரில், கழிவறைக்குப் பக்கத்து இருக்கையில், இந்திய கிரிக்கெட்டின் தலையெழுத்து தினமும் எழுதப்படுகிறது. இது இந்திய கிரிக்கெட்டுக்குத் தெரியாது. தெரியாமலே அது ஏதோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுதுகிறவர் வேங்கடேசன். விழுப்புரத்தில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடையில் பில் போடுகிறவர். ஐம்பது வயது, கொஞ்சம் சர்க்கரை, நிறைய வாய். வாழ்நாளில் அவர் மட்டை பிடித்தது ஒரே ஒருமுறை, அதுவும் வீட்டுக்குப் பின்னால் வந்த பாம்பை அடிக்க. பாம்பு தப்பித்துவிட்டது. ஆனால் ஏலத்தில் யாரை எடுக்க வேண்டும், மூன்றாவதாக யாரை இறக்க வேண்டும், எந்தப் பெரிய ஆட்டக்காரரை இனிமேல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால், மயிலம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அது சட்டம்.

சட்டசபையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் துரைக்கண்ணு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டு, விழுப்புரம் வரை வாதாடிவிட்டு, பிளாட்பாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் வீட்டுக்குத் திரும்புகிறவர். வீட்டில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால் அவருக்கு இது கட்டுப்படியாகிறது. இன்னொருவன் சுதாகர். கூரியர் ஆபீசில் வேலை. இளவட்டம். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு மூன்று இடம் பிடிக்கிற பொறுப்பு அவனுடையது.

கபடி லீக் நடக்கிற மாதங்களில் இவர்கள் பேச்சு கபடிக்கு மாறும். நம் ஊர் அணி பிளே-ஆஃபுக்குப் போகுமா என்ற கேள்விக்குப் போன வருஷம் இப்படித்தான் விடை தேடினார்கள்.

"ஜெய்ப்பூர் தோக்கணும், பாட்னா டை ஆவணும், அப்புறம் மழை வரணும்ண்ணா," என்றான் சுதாகர்.

"கபடிக்கு இன்னாத்துக்குடா மழை? உள்ள தானே ஆடறான்?" என்றார் துரைக்கண்ணு.

"மழை வந்தா கரண்டு போவும் இல்ல."

வேங்கடேசன் இதை மறுக்கவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. அணித் தேர்வில் சொந்தபந்தம் கூடாது. மாமன் மச்சான், பெரிய வீட்டுப் பிள்ளை, சிபாரிசு, இது எதுவும் ஆகாது. எவனாவது உறவுக்காரனை டீமில் எடுத்ததாகச் செய்தி வந்தால் அன்றைக்குப் பேரணி ஸ்டேஷன் தாண்டியும் அவர் வாய் ஓயாது. "நானா இருந்தா என் புள்ளையா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுவேன்" என்பார். அவருக்குப் பிள்ளை இல்லை, ஒரே ஒரு பெண்தான் என்பதால் இதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

அந்தப் பெண் சூர்யகலா. விழுப்புரத்தில் கல்லூரிக் கடைசி வருஷம். கபடியில் ரைடர், அதாவது மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிராளி பக்கம் தனியாகப் போய், தொட்டுவிட்டு ஓடி வருகிறவள். ஊர் ஊராகப் போய்க் கோப்பை வாங்கி வருவாள். வேங்கடேசன் டி.வி.யில் இருந்து கண்ணை எடுக்காமல் "எத்தினி பாயிண்ட்டு?" என்று கேட்பார். அவள் சொல்வாள். "நல்லது, கோப்பைய அந்தாண்ட வை, மறைக்குது" என்பார். மறுநாள் ரயிலில் அந்தக் கோப்பையைப் பற்றித் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லி மார்தட்டிக்கொள்வார். இரண்டுமே உண்மையான பாசம்தான் என்று அவர் நம்பினார்.

இந்த வருஷம் விழுப்புரம் மாவட்டப் பெண்கள் கபடிப் போட்டி ஒன்று வந்தது. ஊருக்கு ஓர் அணி. இந்தப் போட்டியைப் பார்த்துத்தான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்று அறிவித்தார்கள். கல்லூரியை முடிக்கப்போகிற சூர்யகலாவுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. திண்டிவனம் அணிக்குக் கோச், பள்ளிக்கூட பி.டி. டீச்சர் ரோஸ்லின். மேனேஜர் என்று ஒருவர் வேண்டுமே என்று தேடியபோது, தன் கடை முதலாளியிடம் சொல்லி ஜெர்சி வாங்கிக் கொடுத்த வேங்கடேசன் மாட்டினார். மாட்டினார் என்றா சொன்னேன், இல்லை, இதற்காகத்தான் பிறந்தவர் போல அந்தப் பதவியில் போய் உட்கார்ந்தார். வாட்ஸப் படத்தை மாற்றினார். படத்தில் ஒரு விசிலும் இருந்தது. மேனேஜருக்கு விசில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பிராக்டிஸ் தொடங்குவதற்கு முன்பே ரோஸ்லின் டீச்சர் ஏழு பேர் பெயரைப் போனில் சொன்னார். முதல் பெயர் சூர்யகலா.

மறுநாள் ரயிலில் இதைச் சொன்னதும் சுதாகர் சிரித்தான்.

"அப்பா மேனேஜரு, பொண்ணு ரைடரு. சூப்பர்ண்ணா. இதையே வேற எவனாவது செஞ்சிருந்தா விக்ரவாண்டி வரைக்கும் கிழிச்சிருப்ப."

துரைக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு லேசாகத் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல்தான் வேங்கடேசனைக் கொன்றது. இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பெயர், ஒரு செருமலில் காற்றில் போகப் பார்த்தது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாடை வருவதற்குள் அவர் முடிவெடுத்து, போனை எடுத்து, இரண்டு பேரும் கேட்கும்படி சத்தமாகப் பேசினார்.

"டீச்சர், என் பொண்ணு பேரை எடுத்துடுங்க. வேற ஆளைப் போடுங்க."

"சார், அவதான் நம்ம மெயின் ரைடரு. இன்னா சார் பேசறீங்க?"

"மேனேஜர் நான் சொல்றேன் டீச்சர். பாரபட்சம் பார்க்கக் கூடாது."

போனை வைத்ததும் துரைக்கண்ணு அவர் தோளைத் தட்டினார். "இதான்யா ஆம்பள" என்றார். அன்றைக்கு டீ துரைக்கண்ணு செலவு. கபடிக்கு எந்த நன்மையும் இல்லாத ஒரு காரியத்துக்காக ஒரு மனிதன் அவ்வளவு பெருமையோடு டீ குடித்ததை அந்த பிளாட்பாரம் பார்த்திருக்காது.

சாயந்தரம் வீட்டில் செய்தியைச் சொன்னார். மனைவி வேணி மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாரு கேட்டா உங்களை இந்த நியாயம்? ரயில்ல வர்ற அந்த ரெண்டு பேஜாரு புடிச்சவங்களா?"

"கலாவுக்குப் புரியும். அவளும் ஸ்போர்ட்ஸ் பர்சன்தானே."

சூர்யகலா அழவில்லை, கத்தவில்லை. "நான் சரியா ஆட மாட்டேன்னு பேரை எடுத்தியா, உன் பொண்ணுன்னு எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"என் பொண்ணுன்னுதான்."

"சரி" என்று எழுந்து போய் யாருக்கோ போன் செய்தாள். விழுப்புரம் கல்லூரியில் படிக்கிறவர்கள் விழுப்புரம் அணிக்கும் ஆடலாம் என்று விதி இருந்தது. மறுநாளே அந்த அணியில் சேர்ந்துவிட்டாள். இதை ரயிலில் விவாதித்தார்கள். துரோகமா, தொழில்தர்மமா என்று இரண்டு நாள் ஓடியது. கடைசியில் தொழில்தர்மம் என்று தீர்ப்பானது, சுதாகர் மட்டும் தீர்ப்பை எதிர்த்தான்.

லீக் ஆட்டங்கள் நடந்தன. திண்டிவனம் மரக்காணத்தை ஜெயித்தது, செஞ்சியிடம் தோற்றது. விழுப்புரத்துக்கும் அதே கணக்கு. கடைசி லீக் ஆட்டம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் என்று வந்து நின்றது. ஜெயித்தவர்கள் அரையிறுதி. தோற்றவர்கள் வீடு. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்களும் அன்றைக்கு வந்து மேசை போட்டு உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். நல்ல வெயில். துரைக்கண்ணுவும் சுதாகரும் ரயில் இல்லாமலே வந்து, கயிற்றுக்கு வெளியே வேங்கடேசன் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். விசில் ஊதியதும் ஆட்டம் தொடங்கியது. இவர்களும் தொடங்கினார்கள்.

"ஒருவேளை டை ஆச்சுன்னா?" என்றான் சுதாகர்.

"டை ஆனா பாயிண்ட்டு வித்தியாசம். செஞ்சிகிட்ட நாம எத்தினில தோத்தோம், அவங்க எத்தினில தோத்தாங்க, அத எடு," என்றார் வேங்கடேசன், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டு.

துரைக்கண்ணு விரலை மடக்கி எண்ணினார். தப்பாக எண்ணினார். சுதாகர் திருத்தினான். அது மூவரையும் பழைய லீக் ஒன்றுக்குக் கொண்டுபோனது. கூட்டம் கத்துவது அவர்களுக்குக் கேட்டது, ஆனால் எந்த மைதானத்திலும் கூட்டம் கத்தத்தானே செய்யும். இடைவேளை விசில் ஊதியபோதுதான் வேங்கடேசன் ஸ்கோர் பலகையைப் பார்த்தார். விழுப்புரம் நன்றாக முன்னால் போயிருந்தது. திண்டிவனத்துப் பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

ரோஸ்லின் டீச்சர் தண்ணீர் பாட்டிலோடு அவரிடம் வந்தார். பின்னாலேயே கேப்டன் அன்புச்செல்வி, முழங்காலெல்லாம் மண்.

"சார், எல்லாப் பாயிண்ட்டும் கலாதான் எடுத்துக்கினு போறா," என்றார் டீச்சர். "நான் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த ஆட்டமே இல்ல இது. காலேஜ் போனதும் மொத்தமா மாத்திக்கினா. அவளை எப்படிப் பிடிக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல."

"சார், ஜல்தி சொல்லுங்க," என்றாள் அன்புச்செல்வி. "எந்தக் காலை முன்ன வைப்பா? தொட்டுட்டு எந்தப் பக்கம் திரும்புவா? மூணு வருஷமா ஆடிக்கினு இருக்கா, நீங்க பார்த்திருப்பீங்க இல்ல."

துரைக்கண்ணு கயிற்றின் மேல் சாய்ந்தார். சுதாகர் காதை நீட்டினான். இதுதான் அந்தக் கட்டம். பெற்ற பெண்ணென்றும் பாராமல் அவள் பலவீனத்தைப் போட்டு உடைக்கப்போகிற மேனேஜர். நாளைக்கு ரயிலில் பேச இதைவிட என்ன வேண்டும்?

வேங்கடேசன் வாயைத் திறந்தார். இந்த நாட்டில் ஆடுகிற எந்த ரைடரைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருப்பார். எந்தக் கால், எந்தப் பக்கம், எந்த அணியிடம் எப்படி மாட்டினான் என்று விழுப்புரம் வரை சொல்லியிருப்பார். கலாவை நினைவில் தேடினார். கோப்பைகள் வந்தன. பாயிண்ட் கணக்கு வந்தது. டி.வி.க்குப் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற பெண் வந்தாள். மைதானத்தில் ஆடுகிற ஒரு கலாவும் வரவில்லை.

"தெரியாது டீச்சர்," என்றார். "நான் பார்த்ததில்ல."

"இடதா வலதா, அது மட்டுமாவது?"

"அவ ஆடி நான் பார்த்ததே இல்லம்மா."

அன்புச்செல்வி அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போனாள். சுதாகர் ஸ்கோர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். துரைக்கண்ணு தொண்டையைக்கூடச் செருமவில்லை. அவமானமாக இருந்தது வேங்கடேசனுக்கு. அதைவிட, என்னத்தைத் தூக்கிப் போட்டோம் என்று தெரியாமலே தூக்கிப் போட்டிருக்கிறோமே என்பது உறுத்தியது.

இரண்டாவது பாதியில் அவர் யாரோடும் பேசவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் இடது காலைத்தான் முன்னால் வைத்தாள். போகும்போது அவசரமே இல்லை, ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரி போனாள். திரும்பும்போது மட்டும் கண்ணுக்கே சிக்கவில்லை. அவள் ஒவ்வொரு தடவை கோட்டைத் தொட்டபோதும் திண்டிவனம் மேனேஜர் கை தட்டினார். நம்ம டீம் தோத்துக்கினு இருக்குது என்று சுதாகர் முழங்கையால் இடித்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை.

விழுப்புரம் ஜெயித்தது. மேசைக்காரர்கள் சூர்யகலாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டு எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்து அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் வந்தாள்.

"கலா, நீ திரும்பற பாரு, அந்த மாதிரி நான் எந்த லீக்லயும்..." என்று தொடங்கினார்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஆட்டம் பார்த்தியாப்பா?"

"ரெண்டாவது பாதி முழுக்கப் பார்த்தேன்."

"அப்படியா," என்றாள். "முதல் பாதிலதாம்ப்பா நல்லா ஆடினேன்."

சொல்லிவிட்டு, அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த விழுப்புரம் பெண்களிடம் ஓடினாள்.