பெட்டி பேசவில்லை

நாடக அரங்கத்தில் காவலாளி முதல் மேலாளர் வரை ஒயரும் கையுமாகத் திரியும் அவளை ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அரங்கத்தின் பின்சுவரில் விரியும் படங்களையும் ஒலிபெருக்கியில் வரும் சத்தத்தையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதற்கு அவளிடம் இருந்தது ஒரு மடிக்கணினி. அதில் வரி வரியாக எழுதும் நிரல் எதுவும் கிடையாது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். மைக்கின் சத்தத்தை வாங்குவது ஒரு பெட்டி, அதைக் கூட்டிக் குறைப்பது ஒன்று, சத்தத்துக்கு ஏற்றபடி படம் வரைவது இன்னொன்று. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டால், குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் சத்தம் அந்த வழியே ஓடும். பெரிய நிகழ்ச்சி என்றால் அந்தத் திரை எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி சிக்குப் பிடித்துக் கிடக்கும். அந்தச் சிக்குக்குள் எது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

எந்தக் கல்லூரியிலும் படித்ததல்ல இது. அதே மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு இணையக் குழுவில் கற்றது. படம் திக்கினால், சத்தம் பிந்தினால், கோப்பை அங்கே போட்டுவிடுவார்கள். யாராவது திறந்து பார்த்து வழி சொல்வார்கள். கேட்கிறவளாகப் போனவள், சில வருடங்களில் சொல்கிறவளாகிவிட்டாள். "பெட்டியத் திட்டாதீங்க. கடைசியிலேருந்து ஒவ்வொரு கோடா கழட்டிக்கிட்டே வாங்க. எந்த இடத்துல சரியாகுதோ அங்கதான் வியாதி" என்று அவள் புதியவர்களுக்கு எழுதுவாள். ஒயரக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு.

அந்தக் குழுவில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். பட்டப்பெயர் இல்லை, நிஜமாகவே பல் பிடுங்குகிறவர். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் கணினியில் உட்கார்ந்து புதுப்புதுப் பெட்டிகள் செய்வார். எல்லாருக்கும் இலவசமாகத் தருவார். பல மைக்குகளின் சத்தத்தைக் கலந்து அனுப்பும் அவருடைய கலவைப் பெட்டி, ஒயரக்காவின் எல்லா நிகழ்ச்சிகளிலும் இருந்தது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

ஒயரக்காவின் கணவனுக்கு ஓர் அக்கா. நடனக்காரர். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இனி மேடையே வேண்டாம் என்று சில வருடங்கள் ஒதுங்கியிருந்தவர், திடீரென்று மறுபடி ஆடப்போவதாகச் சொன்னார். அதோடு தம்பி மனைவியிடம் ஒன்று கேட்டார்.

"நான் அடி வைக்கிற சத்தமும் மூச்சு விடுற சத்தமும் பின்னால சுவத்துல கோடா ஓடணும். உன்னால முடியுமா?"

"முடியும் அண்ணி" என்றாள் ஒயரக்கா. அந்த யோசனை அவளுக்கும் பிடித்திருந்தது.

ஒத்திகை தொடங்கியதும் பிடித்தது போய்விட்டது. கோடு தடிமனாக இருக்கிறது என்பார் நாத்தனார். மெலிதாக்கினால், இது கண்ணுக்கே தெரியவில்லையே என்பார். அதைச் சரிசெய்தால் பழையதே தேவலாம் என்பார். வீட்டில் கணவனோ, "அக்கா அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி உழைக்கிறாங்க பாரு" என்று உருகுவான். தன் உழைப்பு யார் கண்ணிலும் படவில்லை என்று இவளுக்கு உள்ளே புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகையை வெளியே விட ஒரே இடம், விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் லைட்டுக்காரரோடு பேசுவதற்காகத் தலையில் மாட்டும் மைக். இருவரும் அரங்கத்தின் இரு மூலைகளில் உட்கார்ந்து, காதில் மாட்டிய அந்த மைக்கில்தான் பேசிக்கொள்வார்கள்.

நிகழ்ச்சி அன்று மதியம் மேடைத் தரையில் பதித்த மைக் ஒன்று செத்துப்போயிற்று. கோளாறு மைக்கிலா, கணினியிலா என்று பார்க்க, ஒயரக்கா தன் தலை மைக்கிலிருந்து கலவைப் பெட்டிக்குத் தற்காலிகமாக ஒரு கோடு இழுத்தாள். ஊதிப் பார்த்தாள். சத்தம் வந்தது. அப்படியானால் கணினி சரி, கேபிள்தான் கெட்டிருக்கிறது. கேபிளை மாற்றினாள், தரை மைக் உயிர் பெற்றது. அதற்குள் மேடையிலிருந்து யாரோ கூப்பிட, எழுந்து ஓடினாள். இழுத்த கோடு அப்படியே கிடந்தது.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. நடனத்தின் நடுவே, இசை முற்றிலும் நின்றுபோகும் ஒரு கட்டம் வரும். நாத்தனார் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலை மெல்ல மடக்கித் தரையில் அமர வேண்டும். அவருடைய மூச்சு மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக, அந்த இடத்தில் கலவைப் பெட்டி தானாகவே முழுதாகத் திறந்துகொள்ளும்படி ஒயரக்காதான் அமைத்திருந்தாள்.

நாத்தனாரின் கால் மடங்கத் தயங்கியது. ஒயரக்கா லைட்டுக்காரரிடம் சொன்னாள்:

"முட்டி மடங்குனாதான? பாருங்க, சேத்துல மாட்டுன கொக்கு மாதிரி நிக்குது. இந்த வயசுல இந்த ஆட்டம் தேவையா? எடுத்துச் சொல்ல வீட்ல ஆளில்ல."

அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

கேட்டதோடு போகவில்லை. சுவரில் மெல்லிய கோடுகள் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில், அவள் குரலுக்குத் தடித்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பின்னால் பரவியது.

"அக்கா, வெளிய கேக்குது" என்றார் லைட்டுக்காரர். அவள் காதில் ஒலித்த அந்த வார்த்தையும் அவள் மைக் வழியே வெளியே கேட்டது.

எதை நிறுத்துவது என்று தெரியாமல் அவள் எல்லாவற்றையும் நிறுத்தினாள். சத்தம் போயிற்று, படம் போயிற்று. வெறும் சுவருக்கு முன்னால் நாத்தனார் இன்னும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, வலியை மறைக்காமலே, மடக்கி அமர்ந்தார். மீதி நடனத்தைச் சத்தமும் கோடும் இல்லாமலே ஆடி முடித்தார்.

ஒப்பனை அறையில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க ஒயரக்காவுக்குத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு அண்ணி" என்றாள். நாத்தனார் முழங்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கணவன் மனைவியை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கோளாறுன்னா என்ன கோளாறு?" என்று கேட்டான்.

"பாத்து சொல்றேன்."

மறுநாள் காலை கணினியைத் திறந்தாள். தான் ஊருக்கெல்லாம் சொன்ன வழிப்படி கடைசியிலிருந்து ஒவ்வொரு கோடாகக் கழற்றிக்கொண்டு வந்தாள். தரை மைக்கின் கோட்டை நகர்த்தியதும் அதற்கு நேர் அடியில் இன்னொரு கோடு கிடந்தது. மதியம் அவள் இழுத்தது. கண்டுபிடித்ததும் வழக்கமாக வரும் சந்தோஷம் வரவில்லை. வாசலில் கணவனின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று ஒரு விசையைத் தட்டினாள். கோடு அழிந்தது.

அவனுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே. சுத்தம்செய்த அந்தக் கோப்பைக் குழுவில் போட்டு எழுதினாள்: "கலவைப் பெட்டியில கசிவு இருக்கு. கோடே போடாத மைக் சத்தம் வெளிய போயிடுது. நேத்து மேடையில என் மானமே போச்சு. எச்சரிக்கையா இருங்க."

குழுவே பதறிவிட்டது. ஒயரக்காவுக்கே இப்படியா? ஒருவர் தன் வீட்டில் உள்ள மைக்குகளையெல்லாம் மாட்டிச் சோதித்தார். ஒன்றும் கசியவில்லை என்றார். இன்னொருவர் தனக்கும் லேசாகக் கசிவதுபோல்தான் இருக்கிறது என்றார். பள்ளி விழாவுக்கு இந்தப் பெட்டியை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்த பாட்டு டீச்சர் பயந்துபோய் அந்தத் திட்டத்தையே கைவிட்டார். "ஓசியில கெடைக்கிறது இப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் டாக்டரைக் குத்தினார். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஒயரக்கா எல்லாவற்றையும் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தன் பெட்டியைத் திறந்து தேடிப் பார்த்தார். பிறகு எழுதினார்: "அக்கா, எங்க தப்புன்னு என்னால கண்டுபிடிக்க முடியல. ஆனா நீங்க சொன்னா இருக்கும். என்னால உங்களுக்கு மேடையில சங்கடம் வந்திருந்தா மன்னிச்சிருங்க. பெட்டியக் குழுவிலேருந்து எடுத்துட்டேன்."

கணவனுக்கு நிம்மதி. "பாத்தியா, செஞ்சவரே ஒத்துக்கிட்டார்" என்று சொல்லி, அந்தச் செய்தியை அக்காவுக்கு அனுப்பிவைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாத்தனார் அவளை மட்டும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி அனுப்பினதப் படிச்சேன். எனக்கு உங்க பெட்டியெல்லாம் புரியாது. பெட்டிதான் தப்பு பண்ணுச்சுன்னே வச்சுக்குவோம். சத்தத்த வெளிய விட்டது அது. ஆனா பேசினது பெட்டி இல்லையே?"

ஒயரக்கா நின்ற இடத்திலேயே குறுகிப்போனாள்.

"என் முட்டி மடங்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஆபரேஷன் பண்ணின டாக்டர் சொல்லல, கண்ணாடி சொல்லல? தெரிஞ்சுதான் ஏறினேன். கொக்குன்னு சொன்னதுகூடப் பரவால்ல. சாயங்காலம் வரைக்கும் அண்ணி அண்ணின்னு பின்னாலயே வந்தவ, 'நிக்குது'ன்னு சொன்ன பாரு. நான் என்ன மாடா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வார்த்தைக்குப் பதில் அழுகைதான் வந்தது. நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழாத. நீ அழுதா நான் சமாதானம் பண்ணணும். அதுக்கு இப்ப எனக்கு மனசில்ல. போ."

வீட்டுக்கு வந்ததும் முதலில் கணவனிடம் சொன்னாள். கோளாறு இல்லை, கோடு நான் போட்டது, அழித்ததும் நான்தான் என்று. அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கைப்பேசியை எடுத்து, அக்காவுக்கு அனுப்பிய அந்தச் செய்தியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை வச்சே அனுப்ப வச்சுட்டியே" என்றான். சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

நிகழ்ச்சியில் ஓடிய அசல் கோப்பின் நகல் அரங்கத்துக் கணினியில் இருந்தது. அந்த வேண்டாத கோட்டோடு அதை அப்படியே குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: "இதுதான் உண்மையான கோப்பு. முன்னாடி போட்டது நான் திருத்தினது. தரை மைக் கோட்டுக்கு அடியில பாருங்க, என் தலை மைக்கோட கோடு இருக்கும். சோதிக்கறதுக்கு இழுத்தேன், எடுக்க மறந்தேன். டாக்டர் பெட்டியில ஒரு குறையும் இல்ல. பொய் சொன்னது நான்." மேலும் ஏதாவது சேர்க்கலாமா என்று யோசித்தாள். சேர்த்தால் அது சாக்காகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சிலர் திட்டினார்கள். பாட்டு டீச்சர், "பிள்ளைங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேனேக்கா" என்று மட்டும் எழுதினார். டாக்டர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்:

"கிளினிக்க மூடிட்டு உக்காந்து, பெட்டிக்குள்ள நான் எழுதின நிரல ஒவ்வொரு வரியா தேடினேன்கா. இல்லாதத எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கட்டத்துல எனக்கு மூளையே சரியில்லையோன்னு பயம் வந்துருச்சு. அதுதான் வலிக்குது. பெட்டிய திரும்பப் போட்டுட்டேன்."

பாட்டு டீச்சரைக் கூப்பிட்டு, கைவிட்ட வேலையைத் தானே செய்து தருவதாகச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். சோதனைக்கு இழுக்கும் கோடுகளை மட்டும் வேறு நிறத்தில் காட்டி, அவை இருக்கும்வரை நிகழ்ச்சியைத் தொடங்க விடாமல் தடுக்கும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்து, குழுவிலும் போட்டாள். பலர் எடுத்துக்கொண்டார்கள். ஒயரக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று அதற்கப்புறம் யாரும் எழுதியதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நடனத்தை இன்னொரு அரங்கத்தில் ஆட அழைப்பு வந்தது. வேறு ஆளைத்தான் ஏற்பாடு செய்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். நாத்தனார் கைப்பேசியில் அழைத்தார்.

"நீயே வா. கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காத. இத வேற யாருக்கும் செய்யத் தெரியாது, அதான்."

"வரேன் அண்ணி."

அன்று அவள் லைட்டுக்காரரின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். வேண்டியதைக் கையால் காட்டினாள். இசை நின்றது. நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றார். இத்தனை ஒத்திகையிலும் ஒயரக்கா திரையில் ஓடும் கோடுகளையே கவனித்திருந்தாள். அந்த முழங்காலைக் கவனித்ததில்லை. இப்போது பார்த்தாள். அது கொஞ்சம் மடங்கியது, நின்றது, நடுங்கியது, இன்னும் கொஞ்சம் மடங்கியது. சுவரில் ஒரு மூச்சு நீளமாக ஓடியது. அரங்கத்தில் யாரும் அசையவில்லை. அவள் காதெல்லாம் சூடேறியது.

எல்லாம் முடிந்து, ஒப்பனை அறை வாசலில் அவள் ஓரமாக நின்றாள். நாத்தனார் கைத்தடி ஊன்றி வெளியே வந்தார். அவளைக் கடந்து நாலடி போனவர், நின்று, திரும்பாமலே தோளில் இருந்த பையை நீட்டினார்.

"இதப் பிடி. படியில இறங்கணும்."

அவள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள்.