ஷோரூம் வாசலில் ஒரு கறவை

இரண்டு வருடத்துக்கு முன்னால், காரமடைத் தேர் முடிந்த மறு வாரம் நடந்தது இது. மாசி வெயில் அப்போதே மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. காரமடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஆறு மாடு வைத்துப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறோம். நானும் என் வீட்டுக்காரரும்தான், வேலைக்கு ஆள் கிடையாது. நடுவில் அவர் ஒரு லோடு வண்டியும் வாடகைக்கு ஓட்டுவார். எல்லோரும் குட்டி யானை என்று சொல்வார்களே, அந்த வண்டி.

அதற்கு முன்பே மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். இனிமேல் கையால் பால் கறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கறக்காமல் நாங்கள் எப்படிப் பிழைப்பது? அதனால்தான் கறவை மெஷின் வாங்கினோம். கூடவே ஐந்து வருட சர்வீஸ் காண்ட்ராக்ட்டும் எடுத்தோம். எந்தப் பாகம் போனாலும் அவர்கள் செலவு, இரண்டு நாளில் சரிசெய்ய முடியாவிட்டால் சரியாகும் வரைக்கும் வேறு மெஷின் தருவார்கள் என்று பேச்சு. “அஞ்சு வருசத்துக்கு நீங்க ஸ்பேனரையே தொட வேண்டாமுங்க” என்றார் விற்க வந்தவர். அது மட்டும் உண்மைதான். நாங்களும் தொடவில்லை, அவர்களும் தொடவில்லை.

முதல் வருடம் மெஷின் நன்றாக ஓடியது. பொய் சொல்லக் கூடாது. அடுத்த வருடம் தை மாதத்தில் பம்ப் இழுவை குறைந்தது. காம்பில் மாட்டுகிற கப் பாதியிலேயே கழன்று விழும். பால் முழுதாக இறங்காமல் மடி கல் மாதிரி நிற்கும். மாடு உதைக்கும். பாவம், அது வேறென்ன செய்யும்?

போன் செய்தால் சர்வீஸ்காரர் வருவார். நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர்தான். பம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “உள்ள தேஞ்சு போச்சுங்க, புது பம்ப் வரோணும், நாளைக்குக் கொண்டாந்து மாட்டிப்போடறேனுங்க” என்பார். காபி குடிப்பார். கிளம்பும்போது தலையைச் சொறிந்துகொண்டு, “உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்குமுங்க, அதைச் சொன்னீங்கன்னா நல்லாருக்கும். இல்லீன்னா இன்னைக்குச் சம்பளத்துல புடிச்சுப்போடுவாங்க” என்பார். போன் என் வீட்டுக்காரர் பையில்தான் இருக்கும். அந்த நாலு எண்ணையும் அவர் நிறுத்தி நிதானமாக, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார்.

நான் முறைத்தால், “உடு கண்ணு, பாவம், புள்ளகுட்டிக்காரரு” என்பார். என் வீட்டுக்காரர் இந்த ஜென்மத்தில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. வாடகை பேசும்போது கூடச் சவாரிக்காரர் சொல்வதற்கு முன்பே இவர் தலையாட்டிவிடுவார். எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. வீட்டுக்கு வந்த மனிதரின் முகம் வாடக் கூடாது, நம் மாட்டு மடி வீங்கினாலும் பரவாயில்லை.

அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. தேர் நோம்பி, லீவு என்றார்கள், ஸ்டாக் இல்லை என்றார்கள், மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் விடியும் முன்னே ஆறு மாட்டையும் கையால் கறந்துவிட்டு வண்டியெடுக்கப் போவார். சாயங்காலக் கறவைக்காக மத்தியானமே திரும்பி வருவதால் நல்ல சவாரியெல்லாம் கைவிட்டுப் போனது. அவரால் வர முடியாத நாளில் நானே உட்கார்ந்து கறந்தேன். இரண்டு மாடு முடிப்பதற்குள் மணிக்கட்டு வீங்கி, சோற்றைப் பிசையக்கூட முடியாது. இடது கையால் சாப்பிட்டுவிட்டு அழுதிருக்கிறேன், கோபத்தில். ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்து, அதன் பாலைக் கீழே கொட்டினோம். எப்படியோ மோப்பம் பிடித்து மாட்டுத் தரகரும் வந்துவிட்டார். “கையும் முடியலீங்க, மெசினும் ஓடலீங்க, எதுக்கு இழுத்துக்கிட்டு? மூணையாவது குடுத்துப்போடுங்க” என்று எங்கள் செவலை மாட்டின் முதுகைத் தட்டிப் பார்த்தார். அவர் கையை வெட்டிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். “உங்கள் புகார்கள் அனைத்தும் தீர்க்கப்பட்டுவிட்டன மேடம். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?” என்றாள். எப்படித் தீர்ந்தது என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரே ஓ.டி.பி. கொடுத்து முடித்திருக்கிறார் என்று வந்தது பதில். அப்போதுதான் விளங்கியது. வேலை முடிந்தது, எனக்குத் திருப்தி என்று நாம் சொல்கிற சாட்சிதான் அந்த நாலு எண். என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் புல் வெட்டப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். மாடு கட்டும் கட்டுத்தரையில் ஏற்கெனவே வெட்டிய புல் குவிந்து கிடந்தது.

விடுவதாக இல்லை நான். நுகர்வோர் குறைகளுக்கென்று இருக்கும் உதவி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அதிலிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த மெஷினை ஓட்டுவது யார், நீங்களேவா, ஆள் வைத்தா? நாங்களேதான், அதில்தான் எங்கள் பிழைப்பு என்றேன். அப்படியானால் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான் என்றார். வழக்குப் போடுவதென்றால் சொந்த மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்றார். போனை வைத்தபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

அந்த வாரம் செவலையின் குளம்பில் கல் குத்திப் புண்ணாகிவிட்டது. வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூர்ப் பக்கம் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினோம். மேட்டுப்பாளையம் ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. கறவை நேரம். பின்னால் செவலை கத்த ஆரம்பித்தாள். அப்போது ரோட்டோரத்தில் அந்தக் கம்பெனி ஷோரூம் கண்ணில் பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் புத்தம் புது மெஷின்கள் பளபளவென்று நின்றன.

“வண்டியை நிறுத்துங்க” என்றேன்.

“எதுக்கு அம்மணி?”

“நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. வாசல்ல, பின்பக்கம் உள்ள பாக்கற மாதிரி உடுங்க.”

அவர் விட்டார். சொன்னேனே, அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அன்றைக்கு அது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

உள்ளே மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். “வாங்க அம்மணி, உக்காருங்க, காபி சாப்புடறீங்களா?” எங்கள் ஊரில் ஏமாற்றுகிறவர்கூட மரியாதையாகத்தான் ஏமாற்றுவார். பக்கத்தில் பெருந்துறையிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மேனேஜர் அதே ஐந்து வருடக் காண்ட்ராக்ட்டைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் முடிஞ்சதாத்தான் காட்டுதுங்க” என்றார்.

“முடிஞ்சிருந்தா என்ற மெசின் ஓடோணுமுல்லீங்க? இப்பவே ஊட்டுக்கு வாங்க, ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா உங்க காலைத் தொட்டுக் கும்புட்டுப்போட்டுப் போறேன்.”

அவர் சிரித்து மழுப்பினார். புகார் எதுவும் நிலுவையில் இல்லாததால் மாற்று மெஷின் தர வழியில்லை என்றார். நான் விடாமல் நின்றதும் குரல் கொஞ்சம் மாறியது. “அம்மணி, நீங்க பால் விக்கறீங்க. அது வியாபாரம். நுகர்வோர் சட்டமெல்லாம் ஊட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கறவங்களுக்குத்தானுங்க. கேஸுன்னாலும் காண்ட்ராக்ட்டுல போட்டிருக்கு, மெட்ராஸ்லதான் போடோணும்.”

இதைச் சொன்னால் நான் பயந்து போய்விடுவேன் என்று நினைத்தார் போல. இதற்குத்தானே காத்திருந்தேன்! பிளேட் வைத்த கையை அவர் மேஜை மேல் வைத்தேன். வீக்கம் இன்னும் வடியவில்லை.

“வியாபாரிங்களா நான்? சாணி அள்ளறதும் நான்தான், கறக்கறதும் நான்தான். நானே உழைச்சுப் பொழைக்கறதுக்கு நானே ஓட்டற மெசின், அப்ப நான் நுகர்வோர்தானுங்க. நல்லா விசாரிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கறேன். மெட்ராஸுக்கும் போமாட்டேன். இங்க கோயம்புத்தூர்லயே போடுவேன். வக்கீலும் வெக்கமாட்டேன், நானே வந்து நின்னு பேசுவேன். என்ற வாயி எப்படின்னு இப்பப் பாத்துட்டுத்தான இருக்கறீங்க?”

பெருந்துறை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேனேஜருக்கு முகம் சிவந்தது. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செவலை ஒரு கத்துக் கத்தினாள். ஷோரூம் முழுக்க எதிரொலித்தது.

“ஒரு வாரமெல்லாம் அவ பொறுக்கமாட்டாளுங்க, இப்பவே கறக்கோணும். டெமோவுக்குன்னு மெசின் வெச்சிருக்கறீங்கல்ல? அதைத் தள்ளிட்டு வந்து கறந்து குடுங்க” என்றேன்.

மேனேஜர் வாசலை எட்டிப் பார்த்தார். ஷோரூமில் மாட்டைக் கறப்பதா, ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இழுத்தார். அப்போதுதான் பெருந்துறை அம்மா வாயைத் திறந்தார். “கறங்களேனுங்க. நாங்களும் பாத்துக்கறோம். அந்தக் காண்ட்ராக்ட்டு எப்படீன்னும் தெரிஞ்சுபோகும்.”

அவ்வளவுதான். இரண்டு பேர் டெமோ மெஷினை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நீளமான ஒயரை இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள். வண்டியின் பின்பலகையை இறக்கியதும் என் வீட்டுக்காரர் ஏறிச் செவலையின் மடியைக் கழுவித் துடைத்து, கப்பை மாட்டினார். பம்ப் டக் டக்கென்று ஓடியது. எத்தனை நாள் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்! செவலை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசை போட்டாள். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். எனக்கு வெட்கமே வரவில்லை. வர வேண்டியது எனக்கா?

கறந்து முடிந்ததும் என் வீட்டுக்காரர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜரிடம் போய், “எல்லாத்துக்கும் காபி போடச் சொல்லுங்க, நல்ல பாலுங்க” என்று கொடுத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சண்டை போட்ட வீட்டில் விருந்து வைக்கிற மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் காபி வந்தபோது நானும் குடித்தேன். நல்ல பால்தான்.

காபி டம்ளர் காலியாவதற்குள் மேலிடத்தின் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு வாரம் ஆகும் என்று சொன்ன அதே அனுமதிதான். புது பம்ப் வரும்வரை மாற்றாக டெமோ மெஷினை எங்கள் வண்டியிலேயே முன்பக்கமாக வைத்துக் கட்டிவிட்டார்கள். பெருந்துறைக்காரர்கள் அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை. “ஓசனை பண்ணிச் சொல்றமுங்க” என்று கிளம்பிவிட்டார்கள். அந்த அம்மா போகும்போது வண்டியருகே வந்து செவலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு வந்ததும் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். மெஷின் ஓடாத மாதங்களைக் காண்ட்ராக்ட்டில் கூட்டித் தர வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். முதலில் முடியாது என்றார்கள். இன்னொரு கடிதம் போட்டேன். முடியும் என்றார்கள்.

பிறகு ஒரு நாள் சர்வீஸ்காரர் புது பம்போடு வந்தார். மாட்டி முடித்தார். வழக்கம்போலக் காபி குடித்தார், தலையைச் சொறிந்தார், ஓ.டி.பி. கேட்டார். நான் அடுப்படியிலிருந்து வேகமாக வெளியே வந்தேன். சண்டைக்குத்தான் வந்தேன். ஆனால் அதற்குள் என் வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டார்.

“சாயங்காலக் கறவை முடியட்டுமுங்க” என்றார். “ஆறு மாட்டையும் கறந்து பாத்துப்போட்டு நானே போன் பண்ணிச் சொல்றேனுங்க.”

சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று சர்வீஸ்காரர் ஆரம்பித்தார். “அது உங்களுக்கும் உங்க கம்பெனிக்கும் இருக்கற பேச்சுங்க. கறவை முடியாம சொல்ல முடியாது. இன்னொரு காபி குடிக்கறீங்களா?” என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கொட்டகைக்குள் போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மாடுகள் ஆறும் இன்றைக்கும் எங்கள் கொட்டகையில்தான் நிற்கின்றன, தரகர் வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டார். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும், டி.வி. ரிப்பேருக்கு ஆள் வந்தாலும் காபி கட்டாயம் உண்டு. ஆனால் வேலை நடந்தது என்று சாட்சி சொல்கிற அந்த நாலு எண் மட்டும் எங்களுடையது, அதை இரக்கப்பட்டுக் கொடுத்தால் நம் வாயை நாமே கட்டிக்கொள்கிறோம் என்பதைச் செவலை கத்திய அந்தச் சாயங்காலம் எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துகிறது.