ஜன்னலில் ஒட்டிய காகிதம்

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா குளியலறையில் வழுக்கி விழுந்த மறுவாரம் பழனியிலிருந்து அண்ணன் வந்தார். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் கையோடு கீழே பழனிக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அத்தாவுக்கோ கொடைக்கானலை விட்டு இறங்குவதென்றால் உயிரே போய்விடும். நாற்பது வருஷம் பஜாரில் கடை வைத்திருந்தவர். அம்மா இறந்த பிறகும் அந்தத் தகர வீட்டில் தனியாகவே இருந்தார். நான் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்ததால், அவருக்கு நான்தான் பொறுப்பு என்று அண்ணனிடம் வீறாப்பாகச் சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து பாதி நாள் அத்தா வீட்டில்தான் கிடந்தேன். அடுப்படிப் பாத்திரம் உருண்டால் ஓடுவேன், ரெண்டு தும்மல் போட்டால் ஓடுவேன். குளியலறையில் சாக்கு விரித்தேன், வாசல் படியில் கயிறு கட்டினேன். கதவைத் தாழ் போடக் கூடாது என்று சண்டையே போட்டேன். "திருடன் வந்தா என்ன தாயி எடுத்துட்டுப் போவான், என்னையவா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டியது. ஜன்னல் இடுக்கு வழியாக மலை மஞ்சு புகை மாதிரி உள்ளே வந்து போர்வையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. கோதுமைப் பசை காய்ச்சி, பழைய பேப்பரை மூன்று அடுக்காக எல்லா இடுக்கிலும் நானே ஒட்டினேன். தகரக்கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் சாக்கைத் திணித்தேன். காற்று அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கரி போட்ட கணப்புச் சட்டி உண்டு. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. எந்த வீட்டு ஜன்னலும் ஒழுங்காக மூடாது, கரியின் விஷக்காற்று இடுக்கு வழியே வெளியே போய்விடும் என்பதுதான் காரணம். இந்தப் பாழாய்ப்போன மண்டைக்கு அது எட்டவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கணப்பு கனன்றது. அத்தா நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. ஜன்னலை இழுத்தேன், என் பசை விடவில்லை. விறகுக்கட்டையால் கண்ணாடியை உடைத்தேன். எதிர்வீட்டுக்காரரும் நானும் அவரை வராந்தாவுக்குத் தூக்கி வந்தோம். மழைக்காற்று பட்டு, வாந்தி எடுத்த பிறகுதான் "தலை வலிக்குது" என்று முனகினார். அந்த முனகல் கேட்கும்வரை நான் உயிரோடு இல்லை.

ரெண்டு நாளில் அண்ணன் வந்து நின்றார். கிழிந்து தொங்கிய பேப்பரைத் தொட்டுப் பார்த்தார்.

"இத யாரு ஒட்டுனது?"

அத்தா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாந்தேன். குளுரு தாங்கல."

டம்ளரைக்கூட நடுங்காமல் பிடிக்க முடியாத கை அவருக்கு. அண்ணன் கீழே இருந்தவர், அதை அறியவில்லை. "தன் மூச்சத் தானே அடைச்சுக்கிறவர எப்புடி இங்கன தனியா விட்டுட்டுப் போறது?" என்றார்.

நான் திட்டு வாங்கக் கூடாதென்றுதான் அத்தா அப்படிச் சொன்னார். அது அவர் வீட்டையே பறித்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. நான் நினைத்தேன். அண்ணன் பெட்டி கட்டும்போதும் நினைத்தேன், பஸ் புறப்படும்போதும் நினைத்தேன். வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள் மாதிரி நின்றேன்.

பழனியில் அண்ணன் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். நான் போகும்போதெல்லாம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாச்சா என்று கேட்பார். போட்டாச்சு என்பேன். ஒட்டினது நான்தான் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அண்ணன் என்னை நாலு வார்த்தை திட்டியிருப்பார். அத்தா தன் வீட்டிலேயே இருந்திருப்பார்.