தம்ளரில் கரைந்த பதில்

எரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதமாக இங்கிலாந்தில் இருக்கிற ஒரு நூலகத்தோடு மல்லுக்கட்டு. சீன மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த நாட்டுக் கலைகளைப் பற்றி ஆதியில் எழுதிய வெள்ளைக்காரர்களில் ஒருவருடைய சொந்தக் காகிதங்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பல் டாக்டர் கொடுத்த சீட்டைக்கூட விடாமல் பட்டியல் போட்டிருக்கிறார்கள். என் வீட்டில் ரேஷன் கார்டைத் தேடினால் அரை நாள் போய்விடும்.

அந்தப் பட்டியலை என் மகள் இணையத்தில் பார்த்து அனுப்பினாள். அதில் ஒரு வரி: நெய்வேலியிலிருந்து ஒருவர் எழுதிய கடிதங்கள், மூன்று. அந்த ஒருவர் என் அப்பா. எனக்குத் தெரிந்து அவர் எழுதியது இரண்டுதான். மூன்றாவது எங்கிருந்து வந்தது?

நகல் கேட்டேன், படிவம் வந்தது. எழுதியவர் எனக்கு என்ன உறவு, அதற்குச் சான்று. அப்போது அவர் குடியிருந்த வீட்டுக்குச் சான்று. கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது? ரிட்டயர் ஆனதும் சுவரில் அடித்த ஆணியைக்கூடப் பிடுங்கிக்கொண்டு, சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிற ஊர் அது. இதையெல்லாம் விளக்கி எழுதினால், அதே படிவம் மறுபடி வந்தது.

அப்பா மைன்ஸில் டிராஃப்ட்ஸ்மேன், வரைபடம் போடுகிற வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையில் ஈர மண்ணும் டீசலும் கலந்த வாசனை அடிக்கும். அந்த வாசனையை நினைத்தாலே பீங்கான் சில்லும் கூடவே வந்துவிடும், ஏனென்றால் அந்தச் சட்டைப் பையில்தான் அதைக் கொண்டுவந்தார். நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணை அள்ளும்போது, பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் கண்ணில் பட்டதாம். “நம்ம வூட்டுப் பானையாட்டம் இல்லீங்க சார். அடியில ஏதோ கிறுக்கி வச்சிருக்கானுங்க” என்று அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வெள்ளை, அடியில் நீலத்தில் ஒரு குறி.

ஆபீசில் சிரித்தார்கள், எந்த அதிகாரி வீட்டு டீ கப்போ என்று. அப்பாவுக்கு அது ரோஷமாகிவிட்டது. சீனச் சாமான்தானா, எவ்வளவு பழையது, கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்து அதில் சாப்பிட்டவன் யார் என்று ஒரே யோசனை. டவுன்ஷிப் நூலகத்தில் அந்த வெள்ளைக்காரருடைய புத்தகத்தைத் தேடிப் பிடித்து, பதிப்பாளர் முகவரிக்கு எழுதினார். பதில் வரும் என்று அம்மா நம்பவில்லை. வந்தது. குறியை மட்டும் பெரிதாக வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார். அப்பா ஒரு வாரம் குனிந்து உட்கார்ந்து வரைந்து அனுப்பினார்.

இனி என் திருவிளையாடல். நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம் எங்கள் பள்ளி முழுக்க ஸ்டாம்ப் பைத்தியம். முதல் கடிதத்தின் கவரை அப்பாவே எனக்குக் கொடுத்திருந்தார். தண்ணீரில் ஊறப்போட்டதும் ஸ்டாம்ப் அழகாக உரிந்து வந்தது. இரண்டாவது கடிதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அப்பா வேலையிலிருந்து வரவில்லை. அது ஏர் லெட்டர், உள்ளே எழுதி மடித்து ஒட்டுகிற ஒற்றைத் தாள். ராணி தலையைச் சுற்றிக் கத்தரியால் சதுரமாக வெட்டி, எவர்சில்வர் தம்ளரில் போட்டேன். ஸ்டாம்ப் தாளிலேயே அச்சடித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ராணி அப்படியே இருந்தாள். தண்ணீர்தான் நீலமாயிற்று.

அப்பா வந்து தாளைப் பிரித்து ஜன்னலோரம் நின்றார். “அந்தக் குறியைப் பற்றி என் முடிவு” என்று போன வரி துளைக்குள் விழுந்து, அந்தப் பக்கம் “நூற்றாண்டு” என்று வெளியே வந்தது. எந்த நூற்றாண்டு? தம்ளரிலிருந்து எடுத்த துண்டின் பின்பக்கம் வெறும் வெளிர்நீலம். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. “போகட்டும் விடும்மா. பெரிய மனுஷர், திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்ணக் கூடாது” என்று என்னிடம் சொன்னார். அத்தோடு விட்டுவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

ஒருவழியாகப் போன வாரம் நகல் வந்தது. அப்பாவின் அதே வரைபட எழுத்து. தங்கள் கடிதம் வழியில் மழையில் நனைந்து முக்கியமான நாலு வரி அழிந்துவிட்டது, மறுபடி எழுத முடியுமா, மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறார். மழையாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வானத்தின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். மேலே வேறு யாரோ பென்சிலில் குறித்திருக்கிறார்கள்: காலமான பிறகு வந்தது, பதில் போடவில்லை. ஏன் போடவில்லை? அந்தப் பெரிய மனுஷர் போய்விட்டார் என்று ஒரு கார்டு போட்டால் குறைந்தா போயிருப்பார்கள்?

இப்போது நூலகத்தில் அன்பாகக் கேட்கிறார்கள், சில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறாராம். அம்மா அதை ரோஜாத் தொட்டியின் அடி ஓட்டைக்கு அடைப்பாக வைத்தாள். தொட்டி அந்தக் குவார்ட்டர்ஸோடு போயிற்று. அப்பா வரைந்து அனுப்பிய படமாவது பெட்டியில் இருக்கிறதா என்றால், இணைப்பு காணவில்லையாம். பல் டாக்டர் சீட்டு மட்டும் பத்திரம்! எனக்கு வருகிற ஆத்திரத்தில் பாதி அவர்கள் மேல், பாதி என் மேல்.

அப்பா ரிட்டயர் ஆகி நாங்கள் குறிஞ்சிப்பாடிக்குக் குடிவந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவைக் காணோம். கடைசியில் பார்த்தால் தபால் ஆபீஸுக்குப் போய், புது முகவரியைக் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறார். நமக்கு யாருப்பா லெட்டர் போடப் போறாங்க என்று கேலி செய்தேன்.

“வந்தா திரும்பிப் போயிடக் கூடாதில்லம்மா” என்றார்.

அந்த வெள்ளைக்காரர் செத்து அப்போது எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, நாங்கள் இருந்த வரிசை வீடுகளும் இல்லை. சில்லு கிடைத்த இடம் என்றோ வெறும் பள்ளமாகிவிட்டது. அது எந்த நூற்றாண்டு என்று தெரிந்துகொள்ள இன்று நான் ஒருத்திதான் மிச்சம், காட்டுவதற்கு என் கையில் எதுவும் இல்லை.