பக்கத்து வீட்டில் கேட்ட யாசீன்

உஸைர் என்ற பேர் எங்கள் காயல்பட்டினத்துத் தெருவில் முதன்முதலாகக் காதில் விழுந்தது அவன் காக்கா, அதாவது அண்ணன், செய்கு முகம்மது வாயிலிருந்துதான். தம்பி பிறந்த அன்றைக்கு, பெரியவர்கள் பேர் வைக்கக் கூடும் முன்னமே, பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பயல் வீடு வீடாக ஓடினான். "எங்க வூட்டுக்கு உஸைர் வந்திரிக்கான்" என்று வாசலுக்கு வாசல் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

செய்கு வளர்ந்து சவூதியில் அல் கோபாருக்குத் துணிக்கடை வேலைக்குப் போனான். ஒரு மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கிவிட்டார்கள். காலியான அதே வேலைக்கு, விசா கொடுத்த அதே அரபி முதலாளி கபீலிடம், உஸைர் போய்ச் சேர்ந்தான். புறப்படும்போது உம்மா மதீனா பீவி கேட்டது ஒன்றுதான்.

"காக்கா கபுருல என் ஓதலைக் கொண்டு சேர்த்துரு மவனே."

காக்காவை அடக்கிய அந்த ஊர் மையவாடியில் கபுருக்குப் பேர் எழுத மாட்டார்கள். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், நடுவில் மணல், அவ்வளவுதான். செய்குவோடு கடையில் நின்ற நூஹு வாசலில் இருந்தபடியே கையை நீட்டினான். "மதிலோரம் அந்த வரிசைதான். வெள்ளைக் கல்லுன்னு ஞாபகம்." வெள்ளைக் கல் ஒன்று இருந்தது. உஸைர் அதைப் பிடித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை வந்தால் போனை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பிடிப்பான். ஊரிலிருந்து உம்மா, மவுத்தானவர்களுக்காக ஓதும் குர்ஆன் அத்தியாயமான யாசீனை ஓதுவாள். முடித்துவிட்டு, "கேட்டானாடா?" என்பாள். "கேட்டாங்க உம்மா" என்பான் இவன்.

நூஹு ஊருக்குத் திரும்புகிற சமயம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "அன்னைக்கு அழுத அழுகையில எனக்குக் கண்ணே தெரியல உஸைரு. வெள்ளைக் கல்லா, பக்கத்துக் கல்லா, சத்தியமா எனக்குத் தெரியாது."

உஸைர் அதை யாரிடமும் சொல்லவில்லை. போனை அதே கல்லில்தான் பிடித்தான்.

அப்புறம் உம்மாவும் வாப்பாவும் விசிட் விசாவில் வந்திறங்கினார்கள். உஸைர் ஓயாமல் சுற்றிக் காட்டினான். கோர்னிஷ் கடற்கரை, பெரிய பெரிய மால், தானாக ஏறும் படி. உம்மா அதில் காலை வைக்கவே மாட்டேன் என்றாள்.

"நாளைக்கு பஹ்ரைன் பாலம் போவோம் உம்மா."

"பாலத்துலயாடா எம்மவன் கெடக்கான்?"

வாப்பா கௌஸ் முகைதீன் கொழும்பில் கடை வைத்திருந்தவர், சிரிக்காமல் கேலி பேசுவார். "விடு மதீனா. இங்கே பெட்ரோல் மலிவு, சுத்தட்டும்."

கோர்னிஷ் கல்லில் உட்கார்ந்து சாயா குடிக்கும்போது உம்மா கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "கனாவுல செய்கு வாறான். ஓதுறியா உம்மாங்கறான். வாரந்தவறாம ஓதுறேனேடாங்கறேன். 'அது பக்கத்து வூட்டுலல்லவா கேக்குது'ங்கறான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்றான்."

உஸைர் சாயாக் கோப்பையைக் கல்லில் வைத்தான். "கனாதானே உம்மா."

"கனாதான். ஆனா ஒரே கனா, திரும்பத் திரும்ப வருது."

இனி தள்ளிப்போட வழியில்லை. வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்து போனார்கள். பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், மதிலை ஒட்டி நிறுத்திய காரில் உம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வாப்பாவும் மகனும் உள்ளே நடந்தார்கள்.

வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பங்களாதேஷ்காரர் குந்தியிருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அது தன் மகனுடைய கபுர் என்று இந்தியில் சொன்னார். தன் கையாலேயே அடக்கி, கல்லும் தானே தேடி நட்டாராம். வெள்ளிக்கிழமை அவருக்கு டூட்டி, மற்ற நாளில்தான் வருவாராம். "இந்தக் கபுரில் வாராவாரம் ஒரு பொம்பளைக் குரல் ஓதுது என்று காவலாள் சொன்னான். பிள்ளைக்குத் தாய் கிடையாது, அவள் முன்னமே போய்விட்டாள். பயந்துபோய், லீவு சொல்லிவிட்டுப் பார்க்க வந்தேன்" என்றார்.

வாப்பா அந்தப் பக்கம் ஒரு கபுரைப் பார்த்தார், இந்தப் பக்கம் ஒன்றைப் பார்த்தார். எல்லாம் ஒரே மணல். உஸைர் முகத்தைப் பார்த்தார். அவருடைய கேலியெல்லாம் எங்கே போயிற்றோ. இரண்டு பேரும் காருக்குத் திரும்பினார்கள்.

"செய்கு வாப்பா, பாத்தியளா?" என்று உம்மா புருஷனைக் கேட்டாள்.

"பாத்தேன்."

"யாரு வூட்டுல ஓதியிரிக்கேன்?"

வாப்பா வாயைத் திறக்குமுன் உஸைரே சொல்லிவிட்டான். "தாயில்லாத புள்ள ஒருத்தன் கபுரு உம்மா. நூஹு போனதுலேருந்து எனக்குச் சந்தேகந்தான். காக்கா எங்கேன்னு எனக்குத் தெரியாது."

உம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மதிலைப் பார்த்துத் திரும்பினாள். "அந்தப் புள்ளைக்கு ஓதுனது அவனுக்கே இரிக்கட்டும். இப்பச் சத்தமா ஓதுறேன். எந்த வூட்டுல இரிந்தாலும் கேக்கட்டும்."

யாசீனைத் தொடங்கினாள். முடியும்வரை உள்ளே அந்தப் பங்களாதேஷ்காரர் அசையாமல் நின்றார்.

ஊர் திரும்பிய பிறகு உம்மாவுக்கு அந்தக் கனா வரவில்லை. அது உஸைரிடம் போய்விட்டது. காக்கா வாசலில் நின்று அவன் பேரைச் சொல்கிறான், அன்றைக்கு வீடு வீடாகச் சொன்ன அதே சின்னக் குரலில். எந்தப் பக்கத்திலிருந்து என்று திரும்புவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. துணிக்கடை கைமாறிவிட்டது. துபாயில் நல்ல வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மதிலோர வரிசை முழுக்க, ஒரு கபுர் விடாமல் ஸலாம் சொல்லி நடக்கிறான்.

உஸைர் இப்போதும் அல் கோபாரில்தான் இருக்கிறான்.