நிலத்தில் இருந்து வாசித்த ஜாஸ்

இங்கே யூலைதான் குளிர்காலம். அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்துவிடும். அம்மா அதைக் "குசினி"யில், அடுப்பில் காய்ந்த சுடுநீருக்குள் வைத்துத் தருவா. தந்தியில் வழுக்கிப் போக இடக்கை விரல்களில் ஒரு சொட்டுத் தடவிக்கொண்டு வயலினோடு கராஜுக்குப் போவேன். 2011இல், மெரிலேண்ட்ஸில், எனக்கு இசை என்றால் அந்த வாசம்தான்.

எனக்குப் பதினொரு வயது. பக்கத்து வீட்டு றிஸ்வானுக்குப் பன்னிரண்டு. அவனிடம் கிற்றார் இருந்தது. ஜாஸ் தொடங்கிய காலத்தில் ஒரு வயலின்காரரும் ஒரு கிற்றார்காரரும், கூட வேறு யாரும் இல்லாமல், இரண்டு பேராகவே வாசித்த பழைய இசைத்தட்டு ஒன்றை அவன் கணினியில் கண்டுபிடித்தான். கரகரப்புக்குள் இரண்டும் ஒன்றையொன்று துரத்தின.

"இது நாங்கதான்," என்றான்.

"ஓம்," என்றேன்.

குளிர்காலம் முழுக்கக் கராஜில் பழகினோம். நான் பாயில் காலை மடித்துச் "சப்பாணி" கட்டி இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் வைத்து வாசிப்பேன். கர்நாடகக் கச்சேரியில் அப்படித்தான். அவன் பால் பெட்டியைக் கவிழ்த்து அதில் இருப்பான்.

அம்மா எட்டிப் பார்ப்பா. "என்ன பிள்ளை, தாளம் நொண்டுது?"

"அதுதான் அன்ரி ஜாஸ்."

"அப்ப நல்லா நொண்டட்டும்."

பள்ளிக்கூட இசைவிழாவில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. அடுத்த கிழமை றிஸ்வான் வீட்டார் மெல்பேர்னுக்கு மாறிப் போகிறார்கள். அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

மேடையில் ஏறினால் பாயும் இல்லை, கதிரையும் இல்லை. நெஞ்சளவு உயரத்தில் இரண்டு மைக். நின்று வாசிக்க எனக்குத் தெரியாது. அதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. நாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வயலின் வழுக்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

றிஸ்வான் தன் சுவெற்றரைக் கழற்றி நிலத்தில் விரித்தான். "இரி. நானும் இரிக்கிறன்."

இருந்து வாசித்தோம். மைக் மேலேயே நின்றது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை போல, ஒரு சின்னப்பிள்ளை எழும்பி வந்து மேடைக்குக் கீழே நிலத்தில் இருந்தாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். முடிக்கும்போது பாதிக் கதிரைகள் காலி. அம்மாவும் நிலத்தில்தான், தொடையில் தாளம் போட்டபடி. அதுவும் பிழையாய்.

இப்போது அந்தக் கராஜ் இல்லை. அடுக்குமாடி வந்துவிட்டது. அந்தக் கிற்றாரும் றிஸ்வான் வீட்டார் மாறும்போது தொலைந்துபோனது. என் வயலின் மட்டும் மிஞ்சியது. நான் பத்தாவதோடு படிப்பை விட்டுப் பேக்கரி வேலைக்குப் போனவள்.

போன யூலையில் றிஸ்வான் மெல்பேர்ன் கிளென் வேவர்லியிலிருந்து வேறொரு கிற்றாரோடு வந்தான். வீட்டில் நல்ல சோபா இருக்கிறது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தான்.

"எண்ணெய் எங்க?" என்றான்.

போத்தலைச் சுடுநீருக்குள் வைத்தேன்.