வறுக்காத சோயா

பஞ்சத்தில் பெற்றவர்களைப் பறிகொடுத்துக் கோட்டை வாசலில் சுருண்டு கிடந்த இசோரோக்குவைத் தூக்கிச் சோறு போட்டு, கையில் வாளும் கொடுத்தவர் அந்தக் கோட்டையை ஆண்ட பிரபு. அவருடைய ஒரே மகனை மலை அரக்கன் ஒருவன் கொன்றபோது, கொம்பு முளைத்த எதையும் ஊருக்குள் விடமாட்டேன் என்று அவர் காலடியில் சத்தியம் செய்தான். அப்படிச் சத்தியம் செய்த மடையனுக்குக் காதலிக்க வேறு பெண்ணா கிடைக்கவில்லை? போயும் போயும், சோயாவை ஊறவைத்து அரைத்துத் தோஃபுக் கட்டி விற்கும் நூயியிடம் மனதைக் கொடுத்தான். அவள் கொண்டைக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் இரண்டு கொம்புகள் இருந்தன.

ஊறவைத்த சோயா அரக்கர்களை ஒன்றும் செய்யாது. வறுத்தது பட்டால்தான் தோல் வெந்துபோகும். அதனால் குளிர்காலம் முடியும் நாளில் படையாட்கள் வீடு வீடாக வறுத்த சோயாவை வீசி, "அரக்கா வெளியே, அதிர்ஷ்டமே உள்ளே" என்று கத்துவார்கள். வறுபடாத ஒன்று விழுந்து முளைத்தால் விரட்டிய அரக்கன் திரும்பி வருவான் என்று ஊருக்கே பயம். ஆகவே வறுக்கும் வேலையைப் படையில் மூத்தவனான கென்பாச்சியைத் தவிர யாரிடமும் விடுவதில்லை.

அந்த வருஷம் நூயியின் தெரு இசோரோக்குவுக்கு வந்தது. வறுத்ததைப் பெட்டியிலிருந்து கொட்டிவிட்டுப் பச்சைச் சோயாவை நிரப்பிக்கொண்டு போனான். தொண்டை கிழியக் கத்தியபடியே வீசினான்.

கதவுக்குப் பின்னால் நூயி சிரித்தாள். "எதுக்கு இவ்ளோ சத்தம்? கோட்டைக்கே கேட்டிருக்கும். போய்த் தண்ணி குடிங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் பிரபுவை வணங்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்தான்.

சிந்தியதைக் குருவி தின்றுவிடும் என்று நினைத்திருந்தான். பனி உருகியதும் நூயியின் வாசலில் வரிசையாக முளை விட்டிருந்தது. படைத்தலைவர் கென்பாச்சியை அங்கேயே மண்டியிட வைத்தார்.

"எவன் சொல்லிடா வறுக்காமக் குடுத்த?"

"ஐயா, நான் கடிச்சுப் பாக்காம சட்டிய இறக்கவே மாட்டேன். என் கையால வறுத்தது முளைக்காது."

தலைவர் வாளை உருவிக்கொண்டு இசோரோக்குவிடம் திரும்பினார். "வீசினவன் நீதானே. சொல்லு."

உண்மையைச் சொன்னால் நூயி போவாள். சொல்லாவிட்டால் கூட்டாளியின் தலை போகும். பாவி, வாயைத் திறக்காமல் நின்றான்.

கதவு திறந்தது. நூயி கொண்டையில் செருகியிருந்த சீப்பை உருவினாள். கூந்தல் சரிந்து கொம்புகள் தெரிந்தன.

"கென்பாச்சி அண்ணன விடுங்க. சோயாவ மாத்தினது நான்தான்."

தலைவர் வறுத்த சோயாப் பெட்டியை இசோரோக்குவின் கையில் திணித்தார். "வீசு."

அவன் கை எழவில்லை. நூயி இரண்டடி முன்னால் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "வீசுங்க. நீங்க வீசலன்னா தலைவர் வாளால முடிச்சிருவார். இதுன்னா ஓடியாவது பொழைச்சுக்குவேன்."

வீசினான். முதல் பிடியே கன்னத்தில் பட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு மலைப்பாதையில் ஓடினாள்.

பிரபு எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டித் தன் கையாலேயே மது ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தான்.

அடுத்த வருஷம் இசோரோக்கு கென்பாச்சியின் அடுப்படியில் போய் நின்றான். "அண்ணே, ஒரு பிடி குடுங்க."

கென்பாச்சி அவனை நிமிர்ந்து பார்த்தான். சட்டியில் போடாத மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான்.

நூயியின் பூட்டிய வாசலில் வருஷா வருஷம் அதைத்தான் ஊன்றுகிறான். நன்றாகவே முளைக்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, யாருமில்லாத அந்த வாசலைப் பார்த்து, "நான்தாங்க மாத்தினேன்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறான்.